ஆனி எழுதிய இருட்டு

அத்தியாயம் 4

திரை மறுபடியும் கறுத்தது.

"செத்துப்போச்சு," என்றான் வின்னி. "அடக்கம் எத்தன மணிக்குன்னு சொல்லு. நான் சட்டைய அயர்ன் பண்ணணும்."

"கொஞ்சம் சும்மா இரு."

"துக்க வீட்ல நாலு வார்த்த பேசணும் அமலா. அதான் மரியாத."

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற நிக்கோல் சிரிக்கவில்லை. காலையில் கடை திறந்ததும் வந்தவள் இன்னும் உட்காரவில்லை. பங்காருபேட்டையில் கல்லூரி படிக்கும் பெண். இன்று வகுப்புக்குப் போகாமல் ஒரு பழைய சிடியோடு எங்கள் முன்னால் நிற்கிறாள்.

"ஓடாதாக்கா?" என்றாள் என்னிடம்.

"ஓடும்," என்றேன். சொன்ன உடனே, எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நானும் வின்னியும் வேலை செய்கிறோம். சாயங்காலம் நான் ஹார்டுவேர் டிப்ளமா வகுப்புக்குப் போகிறேன். தொலைந்த போட்டோ, அழிந்த ஃபைல், எவனோ மாற்றிவிட்ட பாஸ்வேர்டு என்று யாராவது வந்தால் விடாமல் தேடிக் கொடுப்பேன். அதனால் வின்னி எனக்கு சி.ஐ.டி. மேடம் என்று பெயர் வைத்திருக்கிறான். அவன் அப்படிக் கூப்பிடும்போது நிஜமான சி.ஐ.டி. யாராவது பக்கத்தில் இருந்துவிடக் கூடாதே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்த முறை தொலைந்திருப்பது ஒரு பெயர். நிக்கோலின் அம்மாவின் பெயர்.

தொண்ணூறுகளின் கடைசியில் இதே பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே படித்தபோது நிக்கோலின் அம்மா ஆனி ஒரு கேம் எழுதினார். அதன் பெயர் 'கேஜ்'. தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு எங்கள் ஊரில் கேஜ் என்றுதான் பெயர். அந்த கேம், சென்டரைத் தாண்டி எங்கும் போகவில்லை. பிறகு சென்டரே மூடிவிட்டது. நிக்கோல் சின்னப் பெண்ணாக இருந்தபோதே ஆனியும் காய்ச்சலில் இறந்துபோனார். இப்போது அவரோடு அதே சென்டரில் படித்த விநாயக் அந்த கேமைப் புது மெருகோடு வெளியிடுகிறார். பெங்களூரில் கேம் கம்பெனி வைத்திருப்பவர். விழா இன்று நாலு மணிக்கு, ஊரிகம் கம்யூனிட்டி ஹாலில். 'விநாயக் எழுதிய முதல் கேம், சொந்த ஊரில்' என்று பஜார் முழுக்கப் போஸ்டர்.

போன வாரம் நிக்கோல் நேராக அவரிடமே போய்க் கேட்டிருக்கிறாள்.

"இன்னா சொன்னார், மறுபடி ஒருவாட்டி சொல்லு," என்றேன். சாட்சி சொல்கிறவர்களை நான் இரண்டு முறை கேட்பேன். முதல் முறை எனக்குச் சரியாகக் காதில் விழுந்திருக்காதோ என்று சந்தேகமாகவே இருக்கும்.

"'உங்கம்மா நல்லா படம் வரைவாங்கம்மா. கேம்ல இருக்கற படம் அவங்க வரைஞ்சது. ப்ரோக்ராம் பூரா நான்'னார். 'மைனுக்குள்ள லேடீஸ விட்டதே இல்ல, கீழ இறங்கியே பாக்காத ஒருத்தங்க மைன் கேம் எழுதினாங்கன்னா யாரு நம்புவா?'ன்னார். எங்கிட்ட சிடி இருக்குன்னேன். சிரிச்சார். 'அது என் டிராஃப்ட்டோட ஒடைஞ்ச காப்பி பாப்பா. மெனுவ தாண்டாது. தாண்டுச்சுன்னா கூட்டத்துக்கு முன்னாடியே ஒத்துக்கறேன்'னார். ஹால் செக்ரெட்டரி சாம்ராஜ் அங்கிள் பக்கத்துலதான் இருந்தார். 'அப்ப ஓட்டிக் காட்டட்டும் சார், நானும் பாக்கறேன்'னு அவர் சொல்லிட்டார்."

"மெனுவ தாண்டாதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றான் வின்னி.

"அவர்கிட்டயும் ஒரு காப்பி இருக்கு. அவரும் தாண்டல," என்றேன்.

நான் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். மாற்றியதும் என்ன ஆனது என்று பார்ப்பேன். அப்புறம்தான் அடுத்தது. புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. வெளியிலிருந்து ஒரு டிரைவை ஒயரில் செருகினோம். 'இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது' என்று விண்டோஸ் கையை விரித்தது. பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அதற்குள் கேமை வைத்தோம். மெனு வந்தது. மெனுவில் ஒரு சின்ன கேஜ் மேலும் கீழும் போகும். இந்தக் காலத்து வேகத்தில் அது தையல் மிஷின் ஊசி மாதிரி குத்தியது. வேகத்தைக் குறைத்தேன். கேஜ் நிதானமாக இறங்கியது. 'ஸ்டார்ட்' அமுக்கினேன்.

கறுப்பு. அங்கேதான் காலையிலிருந்து நிற்கிறோம்.

"மைன்தானேக்கா? உள்ள இருட்டாத்தான இருக்கும்," என்றாள் நிக்கோல். "தொப்பில லைட் இருக்குமே, அத போடணுமோ?"

நல்ல யோசனையாகத் தோன்றியது. லைட்டுக்கான எழுத்தை அமுக்கினோம். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, எண்ணாக எல்லாவற்றையும். திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றினோம். வின்னி கைக்குட்டையால் திரையைத் துடைத்தும் பார்த்தான்.

"கீபோர்டுல இனி மிச்சம் கம்பெனி ஸ்டிக்கர்தான். அதையும் அமுக்கிடவா, சி.ஐ.டி. மேடம்?"

அலுப்பில் எஸ்கேப்பைத் தட்டினேன். உடனே மெனு வந்தது. மறுபடி ஸ்டார்ட். கறுப்பு. மறுபடி எஸ்கேப். மெனு.

என் கை நின்றது.

"வின்னி, தொங்கிப்போன ப்ரோக்ராம் எஸ்கேப் அமுக்கினா கேக்குமா?"

"தொங்கிப்போனது பவர் பட்டன புடிச்சாலே கேக்காது."

"இது கேக்குது. கூப்பிட்ட உடனே திரும்பி வருது. அப்படின்னா இது சாகல. உயிரோட உக்காந்து எதுக்கோ காத்துகினு கீது."

"எதுக்கு?"

அதுதான் தெரியவில்லை. தெரியாத இடத்தில் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ரொம்பச் சாதாரணமான கேள்வி, கேட்கவே கொஞ்சம் வெட்கமாக இருக்கும். "நிக்கோல், இந்த சிடி எங்க இருந்துது? கூட வேற இன்னா இருந்துது?"

"அம்மாவோட பிஸ்கட் டின்ல. கூட ஒண்ணும் இல்லக்கா. ஒரு பழைய ஹெட்போன், அவ்ளோதான். பஞ்செல்லாம் உதிர்ந்து போயிருந்துது. அத எதுக்கு எடுத்துகினு வர்றதுன்னு விட்டுட்டேன்."

"வாங்க," என்றேன். "உங்க வீட்டுக்குப் போலாம்."

"ஒரு ஹெட்போனுக்கா?" என்றான் வின்னி. "எங்கிட்டயே ரெண்டு கீது. ஒரு பக்கம் மட்டும் கேக்கும், ஆனா விசுவாசமா கேக்கும்."

"உன்னோடத உங்கம்மா கேம் சிடியோட சேத்து பத்திரமா எடுத்து வெச்சாங்களா?"

அவன் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான்.

*

நிக்கோல் தன் ஸ்கூட்டியில் முன்னால் போக, நாங்கள் வின்னியின் பைக்கில் பின்தொடர்ந்தோம். தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டைத் தாண்டும்போது காற்று அடித்துக் கண்ணெல்லாம் வெள்ளை மண். வழி நெடுக எனக்கு ஒரே யோசனை. ஹெட்போனில் ஒன்றும் இல்லையென்றால்? நாலு மணிக்கு அந்தப் பெண் வெறும் கையோடு ஹாலில் நிற்பாள். அவளை நிற்க வைத்தது நானாக இருப்பேன்.

"ரொம்ப யோசிக்காத," என்று காற்றுக்கு மேல் கத்தினான் வின்னி. "பைக்கு ஒரு பக்கமா சாயுது."

ஊரிகத்தில் வரிசையாக இருக்கும் லைன் வீடுகளில் ஒன்று அவளுடையது. அப்பா காலை ரயிலிலேயே பெங்களூர் வேலைக்குப் போய்விட்டார். நிக்கோல் பீரோ மேலிருந்து டின்னை இறக்கினாள். ஹெட்போன் உள்ளே சுருண்டு கிடந்தது. இரண்டு காதிலும் பஞ்சு தேய்ந்து பிளாஸ்டிக் தெரிந்தது. நிறைய நேரம் மாட்டியிருந்த காதுகள்.

வின்னி சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுரங்கத் தொழிலாளர் குழு. எல்லோர் தலையிலும் ஹெல்மெட், நெற்றியில் விளக்கு. ஓரத்தில் ஒருவர் மட்டும் எண்ணெய் தடவி வகிடெடுத்து, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றார்.

"இது யாரு? மாப்ள பாக்க வந்த எடத்துல போட்டோ புடிச்சிட்டாங்களா?"

"எங்க தாத்தா, அம்மாவோட அப்பா," என்றாள் நிக்கோல். "ஊரே அப்படித்தான் கிண்டல் பண்ணும். ரிட்டயர் ஆற வரைக்கும் மைன்லதான் வேல, ஆனா ஒரு தடவ கூட கீழ எறங்கினதில்ல."

"இன்னா வேல அது? எனக்கும் சொல்லு, அப்ளிகேஷன் போடறேன்."

"வைண்டிங் என்ஜின் ட்ரைவர். மேல என்ஜின் ரூம்ல உக்காந்துகினு கயித்துல கேஜ எறக்கி ஏத்தறவர்."

நான் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஒரே தப்பைச் செய்துகொண்டிருந்தோம். இந்த ஊரில் பிறந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். மைன் என்றதும் எங்களுக்கெல்லாம் மனசு நேராகக் கீழே போய்விடுகிறது.

"வின்னி. காலையில கேம் செட்டப்ல சவுண்டுன்னு ஒண்ணு கேட்டுச்சே, அதுக்கு இன்னா குடுத்தே?"

"நோ சவுண்ட். அந்த மெனு பாட்ட கேட்டியே, கொசு மைக் புடிச்சாப்பல. நீ டீ வாங்கப் போனப்ப சும்மா ஆஃப் பண்ணிட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"கொசு அடிச்சா உங்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டா அடிக்கறேன்?"

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன் என்று பெருமை வேறு. செட்டப்பை மறுபடி திறந்து சவுண்டை உயிர்ப்பித்தேன். ஆனியின் ஹெட்போனைச் செருகிக் காதில் வைத்தேன். ஸ்டார்ட்.

திரை கறுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது நான் சிரித்தேனாம். வின்னி பிற்பாடு சொன்னான்.

"இன்னா? இன்னா கேக்குது? பாட்டா? யாராச்சும் பேசறாங்களா?"

நான் ஹெட்போனைக் கழற்றி நிக்கோலின் தலையில் மாட்டினேன். எந்த விரலை எந்தப் பொத்தானில் வைக்கலாம் என்று என் ஊகத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. உதடு லேசாகப் பிரிந்தது. விரல்கள் தயங்கித் தயங்கி அமுக்கின. திடீரென்று பதறிப்போய் ஹெட்போனைப் பிடுங்கினாள்.

"எல்லாரையும் கொன்னுட்டேன்க்கா!"

"யார?" என்றான் வின்னி. "இந்த வீட்ல நாம மூணு பேர்தான கீறோம்? நான் செத்துட்டேனா?"

"ஹாலுக்குப் போலாம்," என்றேன். "அங்க எல்லாரோடயும் சேந்து நீயும் கேட்டுக்கோ."

"இது அநியாயம், சி.ஐ.டி. மேடம்."

"கொசு அடிச்சதுக்குத் தண்டனை."

நிக்கோல் மட்டும் அசையவில்லை. "அக்கா, அங்க போய் மறுபடி தப்பு பண்ணிட்டா?"

எனக்குப் பழக்கமான கேள்வி. தினமும் என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி. பதில் இதுவரை கிடைத்ததில்லை. "பண்ணா எல்லாரும் பாப்பாங்க," என்றேன். "பண்ணலன்னாலும் எல்லாரும் பாப்பாங்க. போகலன்னா அவர் மட்டும்தான் பேசுவார்."

அவள் ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.

*

ஹால் நிறைந்திருந்தது. மைனில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பஜார் கடைக்காரர்கள். வாசலில் போண்டாவும் டீயும். மேடையில் பெரிய பேனர்: தங்க நிற ஹெல்மெட் போட்ட ஒருவன் தங்கப் பாறையைத் தங்கக் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"மொத்த மைன்லயும் எடுத்ததவிட இந்த பேனர்ல அதிகமா கீது," என்றான் வின்னி.

விநாயக் ஐம்பதை ஒட்டியவர். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. காலர் மைக் மாட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அகலமாயிற்று.

"வாம்மா வா. ஓடுச்சா?"

"ஓட்டிக் காட்டத்தான் வந்துகீறோம்," என்றாள் நிக்கோல்.

செக்ரெட்டரி சாம்ராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். வெள்ளைத் தாடி, இறுக்கமான முகம், பேச்சில் சிக்கனம். "சொன்னது சொன்னதுதான் சார். மொதல்ல அந்தப் பொண்ணு. அப்புறம் உங்க லாஞ்ச்."

லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் இணைத்தேன். ஒயர் இரண்டு முறை நழுவியது. சவுண்ட் ஒயரின் ஒரு முனையை லேப்டாப்பில் செருகி, மறுமுனையோடு வின்னியை ஹாலின் சவுண்ட் பெட்டி பக்கம் அனுப்பினேன். நான் தலையசைத்த பிறகு செருகு, அதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பெரிய திரையில் மெனு வந்தது. கூட்டத்தில் சலசலப்பு. ஸ்டார்ட்.

சுவரளவு கறுப்பு.

விநாயக் மைக்கிலேயே சிரித்தார். "பாத்தீங்களா? இதே எடம்தான். நான் சொன்னேன் இல்ல? ஒடைஞ்ச காப்பி."

அவரிடம் கேட்டேன். "சார், இந்த இருட்டு உங்க புது கேம்ல இருக்கா?"

"எப்படி இருக்கும்? ஆக்சுவலி இது ஒரு பக், ப்ரோக்ராம் தப்பு. தூக்கிட்டேன். என்னோடதுல ஸ்டார்ட் பண்ணா நேரா டன்னல், நேரா தங்கம்."

"அப்ப இந்த பக் எப்படி வந்துது சார்?"

"ஆனி பண்ண தப்பு அது. அவங்க எழுதின அந்த பார்ட்ல என்ன பண்ணி வெச்சிருந்தாங்கன்னு எனக்குக் கடைசி வரைக்கும் புரியவே..."

அவர் நிறுத்தினார். நிறுத்தியது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"சார்!" சவுண்ட் பெட்டி பக்கமிருந்து வின்னியின் குரல். "அவங்க படம்தான வரைஞ்சாங்க? ப்ரோக்ராம்ல எப்படி சார் தப்பு பண்ணாங்க? பிரஷ் வெச்சு எழுதினாங்களா?"

ஹால் சிரித்தது. சாம்ராஜ் சிரிக்கவில்லை. விநாயக்கை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார்.

"ஓகே, ஓகே," விநாயக் கையை உயர்த்தினார். "அங்கங்க ரெண்டு லைன் டைப் பண்ணியிருப்பாங்க. நான் இல்லேன்னு சொல்லல. டைப் பண்ணதுலதான் தப்பு. அதான் இப்பவும் நிக்குது. யாரு பண்ணாலும் தப்பு தப்புதானே?"

"தப்பு இல்ல சார்," என்றேன். "நீங்க பாத்துகினே இருக்கீங்க. இது பாக்கறதுக்கு இல்ல."

வின்னியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் செருகினான்.

ஹாலின் இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் மணி அடித்தது. மூன்று அடி. கனமான, இடைவெளி விட்ட மூன்று அடி.

போண்டா காகிதத்தின் சத்தம்கூட நின்றுபோயிற்று. மூன்றாவது வரிசையில் மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண், குழந்தையிடம் மெதுவாகச் சொன்னாள். "ஆளு ஏறுது."

"இந்த கேம்ல நீங்க மைனுக்குள்ள இல்ல," என்றேன் நான். குரல் எங்கிருந்தோ வந்தது. "மேல இருக்கீங்க. வைண்டிங் என்ஜின்ல. கீழ நடக்கற எதையும் ட்ரைவர் பாக்க முடியாது. அவருக்கு மணி மட்டும்தான். நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்ட அதே மணிக் கணக்கு. மூணு அடிச்சா ஆள் ஏறப்போறாங்க. நீங்க திருப்பி மூணு அடிச்சாத்தான் ஏறுவாங்க. ரெண்டு அடிச்சா எறக்கணும். ஓடறப்ப ஒண்ணு அடிச்சா நிறுத்தணும். நிக்கறப்ப ஒண்ணு அடிச்சா தூக்கணும். ஆனி அம்மா ஹெட்போன மாட்டிகினுதான் இத எழுதியிருக்காங்க. பக்கத்து சீட்ல இருந்தவருக்குக் கறுப்பு மட்டும்தான் தெரிஞ்சுது."

மூச்சு வாங்கிக்கொண்டேன். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"கீழ எறங்காத லேடி எப்படி மைன் கேம் எழுதுவாங்கன்னு நிக்கோல்கிட்ட கேட்டீங்க. அவங்க அப்பா வைண்டிங் ட்ரைவர். அவரும் கீழ எறங்கினதே இல்ல சார். கீழ எறங்காத ஒருத்தர் கையிலதான் இந்த ஊர் ஆம்பளைங்க எல்லாரோட உயிரும் தெனமும் தொங்கினு இருந்துது. அதத்தான் எழுதியிருக்காங்க."

யாரும் கைதட்டவில்லை. மறுபடி மூன்று மணி அடித்தது.

"விநாயக் சார்," என்றார் சாம்ராஜ். "நீங்க எழுதினதுதானே? ஆள் நிக்குது. பதில் மணி குடுங்க."

விநாயக் லேப்டாப் முன்னால் வந்தார். திரையைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டே பார்த்தார். அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்டரைத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மணி மூன்றாம் முறை கேட்டது. கீழ்நோக்கிய அம்புக்குறியை அமுக்கிப் பிடித்தார். இரும்பு கிறீச்சிட்டது, கயிறு சீறியது, எங்கோ ஆழத்தில் ஏதோ மோதி நொறுங்கியது. திரையில் மெனு.

"ஐயோ," என்றது பின்வரிசை.

"அந்தக் காலத்துல உங்கள வேலைக்கு எடுக்காம விட்டாங்களே சார்," என்றான் வின்னி. "இந்த ஹால்ல பாதிப் பேரு இருந்திருக்க மாட்டோம்."

நிக்கோல் அவரைத் தாண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் அமுக்கினாள். கண்ணை மூடினாள்.

மூன்று மணி. அவள் மணிக்கான பொத்தானை நிதானமாக மூன்று முறை அமுக்கினாள். ஸ்பீக்கர் அவளுடைய மணியைத் திருப்பிச் சொன்னது. கதவு சாத்தும் சத்தம். இரண்டு மணி. அவள் விரல் கீழ்நோக்கிய அம்பில் மெல்ல இறங்கியது. என்ஜின் உறுமத் தொடங்கியது.

அது நீளமான பயணம். சுவரில் ஒரு புள்ளிகூட இல்லை. அத்தனை பேரும் அந்தக் கறுப்பை விட்டுவிட்டு அவள் விரலைப் பார்த்தார்கள். வீட்டில் கொன்றது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தெரியும். நிறுத்தும் மணி வருவதற்கு முன்பே பயந்து விரலை விட்டுவிட்டாள்; முழு வேகத்தில் போன கேஜ் சடக்கென்று நின்று கயிறு அறுந்துவிட்டது. இப்போது விடவில்லை. நான்தான் மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி. அவள் நிறுத்தினாள். ஆழத்தில் கேஜ் மெத்தென்று நின்றது. கதவு திறந்தது. காலடிகள் வெளியே போயின. வேறு காலடிகள் உள்ளே வந்தன. மறுபடி மூன்று. அவளும் மூன்று.

விநாயக் காலர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவள் காதருகே குனிந்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"சரிம்மா. ஸ்பெஷல் தேங்ஸ்ல அம்மா பேர போட்டுடறேன். ஓகேவா? இப்ப எழுந்திரு. லாஞ்சுக்கு டைம் ஆயிடுச்சு."

"மாட்டேன்."

"என்ன?"

"கேஜ்ல ஆள் இருக்கு. ஆள் இருக்கறப்ப ட்ரைவர் சீட்ட விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

"பாப்பா, இது கேம்மா."

"உங்களுக்கு."

அவர் நிமிர்ந்து சாம்ராஜைப் பார்த்தார், இந்தப் பெண்ணை யாராவது நகர்த்துங்களேன் என்கிற மாதிரி. சாம்ராஜ் தன் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "எங்க ஊர்ல அப்படித்தான் சார்," என்றார்.

விநாயக் பேனரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் போண்டாவுக்கு எழுந்து போகவில்லை. "உனக்கு இன்னாதான் வேணும்?" என்றார். இப்போது குரலில் பெங்களூர் இல்லை, எங்கள் பஜார்தான் இருந்தது.

"நன்றி வேணாம்," என்றாள் நிக்கோல், கண்ணைத் திறக்காமல். "எங்கம்மாதான் எழுதினாங்கன்னு சொல்லுங்க. மைக்ல."

அவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். கனைத்தார். "இந்த கேமோட... ஒரிஜினல் ப்ரோக்ராம்... ஆனி அவங்களும்..."

"கேக்கல!"

நான் சட்டென்று வின்னியைப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் விரித்தான், நான் இல்லை என்று. மூன்றாவது வரிசைப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"கேக்கல சார்!" இந்த முறை பாதி ஹால்.

விநாயக் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஸ்பீக்கர்கள் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லின.

"இந்த கேம எழுதினது ஆனி. நான் இல்ல."

ஹால் எழுந்து நின்று கத்தியது. நாற்காலிகள் உருண்டன. வின்னி சவுண்ட் பெட்டிமேல் ஏறி நின்று விசிலடித்தான். சாம்ராஜ் மேடையேறி அந்தத் தங்க பேனரின் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நிக்கோல் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அவள் விரல் மேல்நோக்கிய அம்பின்மேல் தயாராக இருந்தது.

கேஜில் இன்னும் ஆள் இருந்தது.